காலம் தவறாத சிறகுகள்

பறக்க வேண்டும் என்னும் ஆசை தமிழனுக்குப் புதிதன்று. ஓட்டுவான் இல்லாமலே செல்லும் வானவூர்தியைப் புறநானூற்றுப் புலவர் எண்ணிப் பார்த்தார். சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்க தேவர், கருவுற்றிருந்த அரசி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வான்வழியே தப்பிக்க வைத்தார். இவற்றை மேடையில் எடுத்துச் சொன்னால் கைத்தட்டல் உறுதி. "விமானத்தை மேனாட்டாருக்கு முன்பே நாம் கண்டுவிட்டோம்" என்று முடித்தால் இன்னும் பெரிய கைத்தட்டல் கிடைக்கும்.

கற்பனையின் பெருமை புலவர்களுக்கு உரியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு பொருளைக் கனவு காண்பது வேறு. அதைக் குறித்த நாளில், குறித்த மணிக்கு, மழையிலும் காற்றிலும் இயக்கிக் காட்டுவது வேறு. இந்த இரண்டாவது திறமையைப் பற்றி நம் மேடைகள் அதிகம் பேசுவதில்லை. முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் விமான வரலாற்றைப் படித்தபோது எனக்கு இந்த எண்ணமே மேலோங்கியது. அதனை நண்பர்கள் முன்னும் ஆசிரியர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

சாதனைகளின் காலம்

1918-ல் போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான விமானங்களும் அவற்றை ஓட்டத் தெரிந்த இளைஞர்களும் வேலையின்றி நின்றனர். அடுத்த ஆண்டே, 1919 ஜூன் மாதத்தில், ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் அட்லாண்டிக் பெருங்கடலை நிற்காமல் கடந்தனர். ஏறத்தாழ பதினாறு மணி நேரம் பறந்து, அயர்லாந்தின் சதுப்பு நிலம் ஒன்றில் மூக்கு குத்தி இறங்கினர். அதே ஆண்டு இறுதியில் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளுடன் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார்கள். 28 நாட்களுக்குள் முடிந்த அந்தப் பயணத்தில் கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா ஆகிய ஊர்கள் வழித்தங்கல்களாயின.

1927 மே மாதம் லிண்ட்பெர்க் என்னும் இளைஞர் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாகப் பறந்தார். 33 மணி நேரத்திற்கும் மேலாக உறங்காமல் பறந்த அவரை உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அதே பரிசுக்காக அவருக்குச் சில நாட்கள் முன் பாரிஸிலிருந்து கிளம்பிய நுங்கெஸர், கோலி என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வரவேயில்லை. வென்றவரின் பெயரை உலகம் நினைவில் வைத்தது. கடலில் மறைந்தவர்களின் பெயரைப் பலரும் மறந்துவிட்டனர்.

நம் நாட்டு வானிலும் சாகசத்திற்குக் குறைவில்லை. 1933 ஏப்ரல் 3 அன்று பீகாரின் பூர்ணியா அருகிலிருந்து எழுந்த இரண்டு விமானங்கள் எவரெஸ்டு சிகரத்தின் மேல் முதன்முதலாகப் பறந்தன. படமெடுக்கச் சென்ற ஒருவரின் பிராணவாயுக் குழாய் நடுவானில் பிளந்துவிட்டது. அவர் அதைக் கைக்குட்டையால் சுற்றிக் கட்டிவிட்டு மயங்கி விழுந்து, பின்னர் பிழைத்தார். கேட்கவே மெய் சிலிர்க்கிறது அன்றோ?

இத்தகைய செய்திகளில் மயங்காத இளைஞன் இருக்க முடியாது. நானும் மயங்கியவன்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிண்ட்பெர்க் யார்? பாரிஸுக்குப் பறப்பதற்கு முன் அவர் செயின்ட் லூயிஸுக்கும் சிக்காகோவுக்கும் இடையே தபால் மூட்டை சுமந்த விமானி. 1926-ல் மட்டும் இரண்டு முறை தபால் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தவர். பிரான்சின் மெர்மோஸும் எழுத்தாளர் செந்த்-எக்சுபெரியும் தபால் விமானிகளே. ஆல்காக்கும் பிரவுனும் கூடத் தங்கள் விமானத்தில் ஒரு சிறு தபால் பையைக் கொண்டு சென்றனர். பெரிய சாகசக்காரர் பலரை உருவாக்கிய பள்ளிக்கூடம் தபால் மூட்டைதான். நாள்தோறும் ஒரே வழியில், பார்வையாளர் எவரும் இல்லாமல் பறந்த பயிற்சியே ஒருநாள் உலகம் பார்த்த சாதனையாக மாறியது.

கராச்சியிலிருந்து சென்னைக்கு

நம் நாட்டு விமான வரலாற்றின் தலையாய நிகழ்ச்சியும் ஒரு தபால் மூட்டையைப் பற்றியதே. 1929-ல் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே இம்பீரியல் ஏர்வேஸ் விமானத் தபாலைத் தொடங்கியது. தபால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கராச்சி வந்து சேரும். அங்கிருந்து தெற்கே வர ரயிலையே நம்ப வேண்டும். வானில் மிச்சப்பட்ட நாட்களைத் தரையில் இழந்துகொண்டிருந்தோம்.

இந்த இடைவெளியைக் கண்டவர் நெவில் வின்சென்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப் படையில் பணிபுரிந்தவர். இந்திய நகரங்களில் மக்களை விமானத்தில் ஏற்றிக் காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம் விடும் யோசனையுடன் அவர் ஜே. ஆர். டி. டாட்டாவை அணுகினார். 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர் டாட்டா.

அரசாங்கத்திடம் உதவித்தொகை கேட்டார்கள், கிடைக்கவில்லை. திட்டம் மூன்றாண்டுகள் காகிதத்தில் கிடந்தது. கடைசியில் உதவித்தொகையே வேண்டாம், சுமக்கும் தபாலுக்கு உரிய கட்டணம் போதும் என்று ஒப்புக்கொண்டு, 1932 ஏப்ரலில் பத்தாண்டு ஒப்பந்தம் செய்தார்கள். முதலீடு இரண்டு இலட்சம் ரூபாய்.

1932 அக்டோபர் 15, காலை. கராச்சியின் டிரிக் ரோடு விமான நிலையத்திலிருந்து 25 கிலோ தபாலுடன் 'புஸ் மாத்' என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தில் டாட்டா கிளம்பினார். அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பினார். அந்த எரிபொருள் வந்த வாகனம் எது தெரியுமா? மாட்டு வண்டி! தகர டின்களில் வந்ததைத்தான் விமானத்தில் ஊற்றினார்கள். பிற்பகலில் பம்பாயின் ஜுஹு களிமண் திடலில் இறங்கினார். அங்கிருந்து மூட்டையை ஏற்றுக்கொண்ட வின்சென்ட், பெல்லாரியில் இரவு தங்கிச் சென்னை வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் 'ஏர் இந்தியா' என்று பெயர் பெற்ற நிறுவனம் இப்படித்தான் பிறந்தது.

இதுவரை சொன்னது எல்லோரும் அறிந்த கதை. பாடப்புத்தகமும் பொது அறிவு வினாவிடையும் இங்கேயே நின்றுவிடுகின்றன. எனக்கு வியப்பூட்டியது அடுத்து வந்த ஆண்டுதான்.

விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. தரையில் வழிகாட்டும் விளக்கு இல்லை. வானிலை சொல்ல ஆளில்லை. மழைக்காலத்தில் ஜுஹு திடலைக் கடல்நீர் மூடிவிடும். அதனால் புனாவுக்கு இடம் மாற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தென்மேற்குப் பருவமழையின் நடுவே, ஒற்றை இயந்திரத்தை நம்பிக் கடக்க வேண்டும். ஊழியர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். முழுநேர விமானி ஒருவர், அவருக்குத் துணையாக வின்சென்டும் டாட்டாவும், பகுதிநேர எஞ்சினியர் ஒருவர், தொழில் பழகும் மெக்கானிக்குகள் இருவர். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஓராண்டு முழுவதும் ஒரு தபால் கூடக் கராச்சியில் இணைப்பு விமானத்தைத் தவறவிடவில்லை. சென்னைக்கு ஒருமுறை கூடத் தாமதமாக வரவில்லை. நூற்றுக்கு நூறு! அன்றைய சிவில் விமானத் துறையின் அறிக்கையே, தபால் சேவையை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறிப் பாராட்டியது. அந்த ஆண்டில் அவர்கள் பறந்த தூரம் 1,60,000 மைல். கிடைத்த லாபம் 60,000 ரூபாய். ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், வாரத்திற்கு மூன்று பேர்தான். ஆக, விமானத்தை வாழவைத்தவர்கள் பயணிகள் அல்லர், தபாலே வாழவைத்தது. நேரத்திற்கு வரும் என்று மக்கள் நம்பியதால்தான் தபாலும் சேர்ந்தது.

எவரெஸ்டுக்கு மேல் ஒருமுறை பறந்தது வீரம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேல் வாரந்தோறும், மழையானாலும் வெயிலானாலும் பறந்தது அதனினும் பெரிய வீரம் என்பது என் கருத்து.

மெக்கானிக்கின் கை

இன்னொரு செய்தி. 1930 மே மாதம் ஏமி ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண் லண்டன் அருகிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்தார். பெண்களில் அவரே முதல்வர். அவர் வெறும் விமானி மட்டுமல்லர். விமான இயந்திரத்தைப் பழுது பார்க்கும் எஞ்சினியர் உரிமமும் பெற்றிருந்தவர். வழியில் எரிபொருள் தீர்ந்து ஜான்சியில் படைத் திடலில் இறங்கினார். பின்னர் பர்மாவில், ரங்கூன் என்று நினைத்து அதன் அருகிலுள்ள இன்செயினில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கிவிட்டார். விமானம் பள்ளத்தில் விழுந்து இறக்கையும் புரொப்பெல்லரும் சேதமடைந்தன.

அவரை மீண்டும் பறக்க வைத்தவர்கள் யார்? அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும்! கையில் கிடைத்ததைக் கொண்டு விமானத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். அவர் மே 24 அன்று டார்வின் நகரை அடைந்தார். உலகப் பத்திரிகைகள் ஏமியின் படத்தைப் போட்டன. இன்செயின் மாணவர்களின் படத்தை எத்தனை பத்திரிகைகள் போட்டிருக்கும்?

அதே 1930-ல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுன் பரிசு அறிவித்தார். டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டான். எகிப்தில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பியின் விமானத்திற்கு ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் நின்றிருந்தது. தன்னிடம் இருந்த உபரிப் பிளக்கைப் போட்டியாளருக்கே கொடுத்துவிட்டுத் தன் வழியே போனார் டாட்டா. பரிசை வென்றது ஆஸ்பி. பிற்காலத்தில் 1960-ல் அவர் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார். கொடுத்தவரும் தாழவில்லை, பெற்றவரும் தாழவில்லை. மதிப்பெண்ணுக்காக நோட்டுப் புத்தகத்தை மறைத்து வைக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்தச் சிறு ஸ்பார்க் பிளக்கைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

மறுபக்கம்

அந்த இருபது ஆண்டுகளைப் பொற்காலம் என்று மட்டும் எழுதிவிட்டால் அது நேர்மையாகாது. 1925-ல் வசீரிஸ்தான் மலைக் கிராமங்களின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் வாரக்கணக்கில் குண்டு வீசின. 1937-ல் ஸ்பெயினின் குவெர்னிகா நகரம் வானிலிருந்து எரிக்கப்பட்டது. தபால் சுமந்த அதே தொழில்நுட்பம் குண்டும் சுமந்தது. வின்சென்டும் 1942-ல் போர்க்கால விமானப் பயணத்தில் மாண்டார்.

விமானம் யார் கைக்கு எட்டியது என்ற கேள்வியும் உண்டு. அன்று விமானம் கற்கப் பணம் வேண்டும். டாட்டாவின் வீட்டில் பணம் இருந்தது. கூலிக்காரன் மகனுக்கு அந்த உரிமம் கனவிலும் எட்டாது. 1936-ல் லாகூரில் சரளா தக்ரால் என்னும் 21 வயதுப் பெண் விமானி உரிமம் பெற்றது பெருமைக்குரியதுதான். ஆனால் அவரைப் போல் வாய்ப்பு எத்தனை பெண்களுக்குக் கிட்டியது? வாய்ப்பு கிட்டிய சிலரின் வீரத்தை மட்டும் பாடிக்கொண்டிருந்தால், அவர்களுக்குப் பெட்ரோல் டின் சுமந்து வந்த வண்டிக்காரரை வரலாறு மறந்துவிடும். காலம் தவறாமையைப் போற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சாகசத்தில் ஒருவர் பெயர்தான் நிற்கும். ஒரு கால அட்டவணையைக் காப்பாற்றுவதிலோ வண்டிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் விமானிக்கும் சமபங்கு உண்டு.

நம் மண்ணில்

1938-ல் இந்தத் தபால் வழி சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. வரைபடத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது விருத்தாசலத்துக்கு அருகே போகும். அதே 1930-களில்தான் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்புத் துகள்கள் வெளிவந்தன. நம் பக்கத்து வானில் தபால் விமானம் பறக்கத் தொடங்கிய அந்தக் காலத்தில், நம் நிலத்துக்குள் பழுப்பு நிலக்கரி கண் விழித்துக்கொண்டிருந்தது.

அதை வெளியே எடுக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1956-ல் நிறுவனம் அமைந்தது. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகையைத் தொட்டார்கள். தடையாக நின்றது நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீர். அதை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பது நின்றால் நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே நெய்வேலியின் வெற்றி, 1961-ல் ஒருநாள் நிலக்கரியைத் தொட்டதோடு முடிந்துவிடவில்லை. அன்று முதல் ஒவ்வொரு ஷிப்டிலும் பம்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவர்களின் கையில் அது இருக்கிறது. டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருடைய வீட்டில், இரவு ஷிப்டுக்குச் சைக்கிளில் கிளம்பிய அப்பாவோ பெரியப்பாவோ தாத்தாவோ உண்டு. அவர்கள் பெயரில் சிலை இல்லை. ஆனால் மழைக்காலத்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்த தபால் விமானியின் இனத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

நெய்வேலிக்கும் ஓர் ஓடுதளம் உண்டு. 1980-களில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் சென்னையிலிருந்து வந்து போயின. அந்த நிறுவனம் 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. 2017-ல் 'உடான்' திட்டத்தின் முதல் பட்டியலில் நெய்வேலியின் பெயர் மீண்டும் வந்தது. பெயர் வந்த வேகத்தில் விமானம் வந்துவிடவில்லை.

ஊருக்கு விமானம் வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒருநாள் விழா எடுத்து, மாலை போட்டு, ஒரு விமானத்தை இறக்கிப் படம் பிடித்துக்கொள்வதா நம் கோரிக்கை? அப்படியானால் அது சாகசம் பார்க்கும் ஆசைதான். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு, யார் ஏறுவார்கள், என்ன சரக்கு ஏறும், மழை பெய்தால் என்ன ஏற்பாடு என்று கேட்பதே 1932 நமக்குக் கற்றுத் தந்த முறை. அன்று தபால் இருந்தது. இன்று கடிதம் எழுதுவோர் அருகிவிட்டார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். ஆகவே தபாலின் இடத்தை நிரப்பும் நிலையான சுமை எது என்று கண்டுபிடித்த பிறகே ஓடுதளத்தைத் திறக்க வேண்டும். அதுவரை கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் போகும் ரயிலும் பேருந்தும் நேரத்திற்கு வந்தாலே நம் ஊர் பாதி பறந்ததற்குச் சமம்!

மாணவர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆண்டு விழாவில் ஒரு நாள் மேடையேறிப் பரிசு பெறுபவரைப் போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். ஆனால் ஆண்டு முழுவதும் நூலகத்தைத் தவறாமல் திறந்து வைப்பவரை, ஆய்வுக்கூடத்தில் கருவிகளைத் துடைத்து வைப்பவரை, வெகுதூரக் கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி முதல் மணி அடிக்குமுன் வகுப்பில் அமரும் மாணவியை நாம் எப்போதாவது பாராட்டியிருக்கிறோமா? இந்த வழக்கத்தை நம் கல்லூரி மாற்றலாம். வருகின்ற ஆண்டு விழாவிலேயே, சாதனைக்கான பரிசுகளுடன் தவறாத உழைப்புக்கு ஒரு பரிசும் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள்.

1982 அக்டோபர் 15 அன்று, முதல் தபால் பயணத்தின் பொன்விழாவில், 78 வயதான டாட்டா மீண்டும் ஒரு சிறு பழைய விமானத்தில் ஏறிக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாகப் பறந்து வந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே வழியில் வந்த அந்த முதியவரைப் பார்த்து நாடு வியந்தது. வியப்பதற்கு நிச்சயம் இடமுண்டு. ஆயினும் முதல் ஓராண்டில் ஒரு கடிதம் கூடத் தாமதமாகாமல் பார்த்துக்கொண்ட அந்தச் சிறு கூட்டத்தையும், அகமதாபாத்தின் மாட்டு வண்டிக்காரரையும் அதே மூச்சில் நினைப்போமாக. அப்போதுதான் விமானத்தைக் கண்ட இனம் என்ற பெருமையோடு, அதை நேரத்திற்கு இயக்கும் தகுதியும் நமக்கு வரும்.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு